ஒரு மைக்ரோலிட்டர் ஏன் ஒவ்வொரு தடவையும் வேறு அளவாகப் போகிறது?

மார்ச் 3, மாலை. வாசகர் கேள்வி

"10 மைக்ரோலிட்டர் வரை திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட், போன மாதம்தான் கேலிபிரேஷன் (அளவுச் சரிபார்ப்பு) முடிந்து சான்றிதழோடு வந்தது. அதில் 1 மைக்ரோலிட்டர் வைத்து ஒரே டி.என்.ஏ-வை மூன்று டியூபில் போட்டு ரியல் டைம் பி.சி.ஆர் (டி.என்.ஏ-வைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கி அளக்கும் சோதனை) ஓட்டினால் மூன்றும் மூன்று விதமாக வருகின்றன. ஒன்றுக்கொன்று அரைச் சுழற்சிக்கு மேல் வித்தியாசம். சான்றிதழ் சரி என்றால் என் கைதான் சரியில்லையா?"

மார்ச் 3, இரவு

கையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்தச் சான்றிதழை எடுத்து இன்னொரு தடவை பாருங்கள். 'தேர்ச்சி' என்று போட்டிருப்பார்கள். எதை வைத்துத் தேர்ச்சி என்பதுதான் விஷயம். பிப்பெட்டுகளுக்கான ஐ.எஸ்.ஓ 8655 தரநிலையின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில், 10 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட முறைப் பிழை (சராசரி ஒரே பக்கமாக விலகும் அளவு) 0.12 மைக்ரோலிட்டர், தற்செயல் பிழை (எடுப்புக்கு எடுப்பு மாறும் அளவு) 0.08 மைக்ரோலிட்டர். அந்த 0.12 என்பது 10 வைத்தாலும் 0.12தான், 1 வைத்தாலும் 0.12தான். 10-இல் அது 1.2 சதவீதம், யாருக்கும் வலிக்காது. 1-இல் அதே எண் 12 சதவீதம் ஆகிவிடுகிறது. அதாவது உங்கள் பிப்பெட் 1 வைக்கும்போது 0.88 கொடுத்தாலும் சான்றிதழில் தேர்ச்சிதான்.

ஆனால் உங்கள் சிக்கலை இது மட்டும் விளக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.சி.ஆர் ஒவ்வொரு சுழற்சியிலும் இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 12 சதவீத வித்தியாசம் 0.16 சுழற்சி. அரைச் சுழற்சி வர வேண்டுமென்றால் டியூபுக்கு டியூப் 41 சதவீதம் மாற வேண்டும். சர்வீஸ் முடிந்து வந்த பிப்பெட் அவ்வளவு தள்ளாடாது. வேறெங்கோ திரவம் கூடுதலாகப் போகிறது, அல்லது போகாமல் தங்குகிறது. என் சந்தேகம் டிப்பின், அதாவது பிப்பெட் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் குழலின், வெளிப்பக்கத்தின் மேல்.

மார்ச் 3, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

வெளிப்பக்கம் என்று சொன்னதை விளக்காமல் விட்டுவிட்டேன். 1 மைக்ரோலிட்டர் நீர் முழு உருண்டையாக நின்றால் குறுக்களவு 1.24 மில்லிமீட்டர். 0.9 மில்லிமீட்டர் துளி ஒன்று 0.38 மைக்ரோலிட்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசமே தெரியாது. டிப்பை ஸ்டாக் (மூலக் கரைசல்) டியூபுக்குள் அரை சென்டிமீட்டர் இறக்கி எடுத்தால் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டு வரும் துளி சுலபமாக அந்த அளவு இருக்கும். அது ஒரு டியூபில் உள்ளே போய்விடும், அடுத்த டியூபில் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும், மூன்றாவதில் டிப்போடு திரும்பி வந்து குப்பைக்குப் போகும். உங்கள் அரைச் சுழற்சி அங்கேயே கிடைத்துவிட்டது.

நாளைக்கு இதை மட்டும் செய்து பாருங்கள். ஸ்டாக் டியூபைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். டிப்பின் நுனி திரவத்தில் 1 மில்லிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டாம். பொத்தானை மெதுவாக விட்டு, ஒரு நொடி அப்படியே நின்று, மேலே தூக்கும்போது திரவ மட்டத்துக்குச் சற்று மேலே டியூப் சுவரில் நுனியைத் தொட்டு வெளியே எடுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே டிப்பைப் பாருங்கள். உள்ளே ஒரு சிறு நூல் போலத் திரவம் தெரிய வேண்டும், வெளியே எதுவும் பளபளக்கக் கூடாது. இப்படிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அளவு தவறிய டிப் டியூபுக்குள் போவதற்கு முன்னாலேயே கண்ணில் பட்டுவிடும்.

மார்ச் 4, காலை

டிப்பை முன்கூட்டியே நனைக்க வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் சொல்ல பிப்பெட்டின் உள்ளே போக வேண்டும்.

நாம் தினமும் பிடிக்கிற பிப்பெட்டில் பிஸ்டன் திரவத்தைத் தொடுவதே இல்லை. நடுவில் காற்று இருக்கிறது. பிஸ்டன் காற்றை இழுக்கிறது, காற்று திரவத்தை இழுக்கிறது. அந்தக் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி நீளும், சுருங்கும். சூடானால் விரியும், திரவம் கனமாக இருந்தால் கூடுதலாக நீளும், உள்ளே ஆவி சேர்ந்தால் கனஅளவு கூடும். பொத்தானுக்குக் கீழே தெரியும் எண் பிஸ்டன் எவ்வளவு நகர்ந்தது என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு திரவம் ஏறியது என்பது அந்தக் காற்றின் கையில் இருக்கிறது.

புது டிப்பில் இருப்பது உலர்ந்த காற்று. முதல் தடவை நீரை உள்ளே இழுத்ததும் கொஞ்சம் ஆவியாகி அந்தக் காற்றில் கலக்கிறது, காற்று விரிகிறது, அந்த அளவுக்குத் திரவம் குறைகிறது. அதோடு டிப்பின் உட்சுவரில் ஒரு மெல்லிய படலமும் தங்கிவிடுகிறது. அதனால்தான் நனைக்காத டிப்பில் முதல் எடுப்பு பெரும்பாலும் குறைவாக வரும், அடுத்தடுத்தவை சீராகும். அதே திரவத்தை இரண்டு மூன்று தடவை இழுத்து அங்கேயே விட்டுவிட்டு எடுங்கள், தீர்ந்தது.

அசிட்டோன், மெத்தனால் மாதிரி சட்டென்று ஆவியாகிறவற்றில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். எடுத்த திரவம் தானாகவே நுனியில் துளிர்த்துச் சொட்டும். சீல் போய்விட்டது என்று நினைத்துப் பிப்பெட்டைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பல சமயம் சீலில் ஒன்றுமே இருக்காது, உள்ளே ஏறிய ஆவி திரவத்தைக் கீழே தள்ளுகிறது. நன்றாக நனைத்து உள்ளிருக்கும் காற்றை ஆவியால் நிரப்பிவிட்டால் சொட்டுவது நிற்கும். அப்படியும் நிற்காவிட்டால் பிஸ்டனே திரவத்தைத் தொடுகிற வகைப் பிப்பெட்டுக்கு மாறுங்கள். அதில் நடுவில் காற்று கிடையாது, இந்த வம்பும் கிடையாது.

மார்ச் 4, மதியம்

முன்கூட்டி நனைப்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சேர்க்காமல் விட்டால் யாராவது ஐஸில் வைத்த டியூபில் செய்து பார்த்துக் குழம்புவார்கள். திரவம் அறையின் வெப்பநிலையில் இல்லையென்றால் நனைக்க வேண்டாம். குளிர்ந்த திரவத்தில் டிப்பை நனைத்து நனைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் காற்றும் குளிர்கிறது, ஒவ்வொரு எடுப்பும் முந்தையதிலிருந்து விலகும். பொதுவாகக் குளிர்ந்த திரவம் கூடுதலாகவும் சூடான திரவம் குறைவாகவும் போகும். அங்கே ஒவ்வொரு எடுப்புக்கும் புது டிப், ஒரே வேகம், எடுத்த கையோடு விட்டுவிட வேண்டும்.

கையின் சூடும் இதே கணக்கில்தான் வருகிறது. பிப்பெட்டை மணிக்கணக்கில் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தால் உள்ளே இருக்கும் காற்று மெல்ல மெல்லச் சூடாகும். தட்டு தட்டாக வேலை செய்கிறவர்கள் நடுநடுவே அதை ஸ்டாண்டில் மாட்டிவிடுவது கைக்கும் நல்லது, அளவுக்கும் நல்லது.

மார்ச் 6

என்சைம். இதைப் பற்றி எழுதாமல் இந்த விஷயம் முடியாது, ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

டி.என்.ஏ-வை வெட்டும் ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம்கள் பெரும்பாலும் 50 சதவீதக் கிளிசராலில் வரும். அதனால்தான் மைனஸ் 20-இலும் உறையாமல் இருக்கின்றன. கிளிசராலின் அடர்த்தி 1.26, நீரைவிடக் கனம், அதோடு பிசுபிசுப்பு. டிப்பை டியூபின் அடிவரை இறக்குவார்கள், பொத்தானைச் சட்டென்று விடுவார்கள், திரவம் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே டிப்பை வெளியே எடுத்துவிடுவார்கள். இதில் இரண்டு தவறுகள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. உள்ளே திரவம் குறைவு, வெளிச்சுவரில் என்சைம் அதிகம். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களை முதல் நாளே கிளிசராலை வைத்துக்கொண்டு உட்கார வைத்துவிடுவேன். பொத்தானை விட்ட பிறகும் திரவம் டிப்புக்குள் ஊர்ந்து ஏறுவதைக் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான். ஒரு தடவை பார்த்துவிட்டால் அவர்களிடம் "காத்திரு" என்று திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், என்சைமை ரியாக்ஷன் கலவையில் விட்டதும் அது கனத்தால் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துவிடும். டியூபைத் தட்டியோ பிப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்கியோ கலக்காவிட்டால் மேலே வெறும் பஃபரும் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) கீழே என்சைமும் தனித்தனியாக நிற்கும். அளவு மிகச் சரியாகப் போயிருந்தும் டி.என்.ஏ வெட்டுப்படாமல் நிற்பதற்கு இது ஒன்றே போதும்.

ரிவர்ஸ் பிப்பெட்டிங்தான் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதில் பொத்தானை இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி எடுத்து, முதல் நிறுத்தம் வரை மட்டும் அழுத்தி விடுகிறோம், மிச்சம் டிப்பிலேயே தங்கும். பிசுபிசுப்பான திரவத்துக்கும் நுரைக்கிற புரதக் கரைசலுக்கும் சீரத்துக்கும் அருமையான முறை. சாதாரண நீர்த்த பஃபரில் அது சற்றுக் கூடுதலாகவே கொடுக்கும், ஏனென்றால் பிப்பெட்டுகள் வழக்கமான முறையில் நீரை வைத்துத்தான் அளவு சரிசெய்யப்படுகின்றன. அதோடு விலைமதிப்பான மாதிரியில் ஒவ்வொரு டிப்பிலும் மிச்சம் விட்டால் யார் பொறுப்பு? திரவத்தைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள். எதை எடுத்தாலும் ஒரு சோதனை முழுக்க அதையே செய்யுங்கள்.

மார்ச் 7, இரவு

இதுவரை 1 மைக்ரோலிட்டரை எப்படிச் சரியாக எடுப்பது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் உண்மையில் சொல்ல விரும்புவது, 1 மைக்ரோலிட்டரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் நாம் நினைக்கிற அளவுக்கு அடிக்கடி வருவதில்லை. யாரோ எழுதி வைத்த புரோட்டோகாலில் '1 மைக்ரோலிட்டர் டி.என்.ஏ' என்று இருக்கும், அதை அப்படியே செய்வோம். ஸ்டாக் ஒரு மைக்ரோலிட்டருக்கு 50 நானோகிராம், தேவை 50 நானோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக்கில் 10 எடுத்து 40 பஃபரில் சேர்த்தால் மைக்ரோலிட்டருக்கு 10 நானோகிராம். அதிலிருந்து 5 எடுத்தால் வேலை முடிந்தது, ரியாக்ஷனில் நீரை 4 மைக்ரோலிட்டர் குறைத்துக்கொண்டால் போதும். அதே பிப்பெட், அதே கை, அதே 0.12 பிழை. 12 சதவீதமாக இருந்தது இப்போது 2.4 சதவீதம். நுனியில் ஒட்டும் துளிக்கும் இதே கதிதான், அதில் இப்போது டி.என்.ஏ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

பிரைமர் (பி.சி.ஆரைத் தொடங்கி வைக்கும் சிறு டி.என்.ஏ துண்டு), என்சைம் எல்லாவற்றுக்கும் மாஸ்டர் மிக்ஸ். ஒரு ரியாக்ஷனுக்கு 0.5 மைக்ரோலிட்டர் பிரைமர் என்றால் 20 டியூபுக்கு 20 தடவை 0.5 எடுப்பது வீண் வேலை. 22 ரியாக்ஷனுக்குக் கணக்குப் போட்டு ஒரே தடவையில் 11 மைக்ரோலிட்டர் எடுத்துக் கலக்கிப் பிரித்துக்கொடுங்கள். அந்த ஒரு தடவையில் பிழை வந்தாலும் எல்லா டியூபுக்கும் ஒரே மாதிரி வரும், ஒப்பீடு கெடாது.

பிப்பெட்டைத் தேர்வு செய்வதிலும் இதே கணக்குத்தான். 100 மைக்ரோலிட்டர் வேண்டும், கைக்கு எட்டியது 1000 பிப்பெட் என்பதால் அதில் 100 வைத்து எடுக்கிறார்கள். அதே பதிப்பில் 1000-க்கு அனுமதித்த பிழை 8 மைக்ரோலிட்டர், 100 பிப்பெட்டுக்கு 0.8. ஒரே 100 மைக்ரோலிட்டரில் 8 சதவீதமா 0.8 சதவீதமா என்பது எந்தப் பிப்பெட்டை நோக்கிக் கையை நீட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. இரண்டுமே மேசையில் இருக்கும்போது சோம்பல்பட்டு அந்த எட்டு சதவீதத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

மார்ச் 8

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு உடனே நீர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: எதில் நீர்க்கிறீர்கள் என்று பாருங்கள். டி.என்.ஏ-வைச் சேமிக்கும் வழக்கமான டி.இ பஃபரில் இ.டி.டி.ஏ 1 மில்லிமோலார் இருக்கும். 25 மைக்ரோலிட்டர் ரியாக்ஷனில் அதை 5 ஊற்றினால் இ.டி.டி.ஏ 0.2 மில்லிமோலார் ஆகிறது, அது பி.சி.ஆர் என்சைமுக்குத் தேவையான மெக்னீசியத்தில் அதே அளவைப் பிடித்துக்கொள்ளும். மெக்னீசியமே 1.5 மில்லிமோலார்தான் என்றால் அது கவனிக்க வேண்டிய இழப்பு. வெறும் டிரிஸ் பஃபரோ, இ.டி.டி.ஏ 0.1 மில்லிமோலார் உள்ள பஃபரோ போதும். மிக நீர்த்த டி.என்.ஏ டியூப் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நீர்த்ததை வாரக்கணக்கில் வைத்திருக்காமல் அன்றன்றைக்குத் தயாரித்துக்கொள்வது நல்லது.

மார்ச் 9

"சான்றிதழை நம்பாதீர்கள் என்றால் நானே எப்படிச் சோதிப்பது?" நல்ல கேள்வி. நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை, முழுக்கப் படியுங்கள் என்றுதான் சொல்கிறேன். சோதிக்கத் தராசு வேண்டும்.

1 மைக்ரோலிட்டர் நீர் ஏறக்குறைய 1 மில்லிகிராம். சாதாரண நான்கு தசமத் தராசு 0.1 மில்லிகிராம் வரைதான் காட்டும், அதாவது தராசின் ஒரு படியே உங்கள் அளவில் 10 சதவீதம். அதை வைத்து 1 மைக்ரோலிட்டரைத் தனித்தனியாகச் சோதிக்க முடியாது. 100, 200, 1000 பிப்பெட்டுகளுக்கு அந்தத் தராசு தாராளம். 10 பிப்பெட்டில் 10 மைக்ரோலிட்டர் வைத்துப் பார்ப்பதும் உருப்படியான சோதனைதான். சிறிய அளவுகளுக்கு நிறமுள்ள கரைசலை எடுத்து அறிந்த அளவு நீரில் விட்டு, ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் பார்க்கும் முறை இருக்கிறது, அது நம் மேசையிலேயே நடக்கும். டார்ட்ராசின் போன்ற மஞ்சள் சாயத்தை 427 நானோமீட்டர் பக்கத்தில் பார்க்கலாம். எடுப்புக்கு எடுப்பு எவ்வளவு மாறுகிறது என்பது அந்த எண்களிலேயே தெரிந்துவிடும்.

தராசில் செய்கிறவர்கள் கவனிக்க: 20 டிகிரியில் நீரின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.9982 கிராம். காற்றின் மிதப்பு விசையையும் சேர்த்து, சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு மில்லிகிராமை 1.0029-ஆல் பெருக்கினால் மைக்ரோலிட்டர் வரும். பெரிய திருத்தம் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஆவியாதல். நீரை விட்டதும் தராசின் கடைசி எண் இறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம், எந்த எண்ணை எழுதுவது என்றே புரியாது. வாய் குறுகலான பாத்திரத்தில் முன்பே கொஞ்சம் நீர் ஊற்றி வைத்து, அதற்குள் விட்டு, ஒவ்வொரு தடவையும் அதே நேர இடைவெளியில் எண்ணை எழுதுங்கள். ஆவியாதல் நிற்காது, ஆனால் ஒரே சீராக இருக்கும், கழித்துவிடலாம். பத்து எடுப்பு எடுத்துச் சராசரியும் விலகலும் பாருங்கள். சராசரி தள்ளியிருந்து விலகல் சிறியதாக இருந்தால் பிப்பெட்டைச் சரிசெய்யக் கொடுங்கள். சராசரி சரியாக இருந்து விலகல் பெரியதாக இருந்தால் முதலில் டிப் சரியாகப் பொருந்துகிறதா பாருங்கள், அப்புறம் சீலைப் பாருங்கள்.

சீலுக்கு எளிய சோதனை: முழு அளவு நீரை எடுத்து, நுனியை நீரிலிருந்து வெளியே எடுத்து, செங்குத்தாக ஒரு இருபது நொடி பிடியுங்கள். நுனியில் துளி திரண்டால் எங்கோ கசிகிறது.

மார்ச் 9, இரவு

உயரமான இடங்களில் அளவு மாறுமா? மாறும், கொஞ்சம். டிப்பில் 3 சென்டிமீட்டர் நீர் நின்றால் அது சுமார் 300 பாஸ்கல் கீழே இழுக்கிறது. கடல் மட்டத்தில் அது காற்றழுத்தத்தில் 0.3 சதவீதம், அந்த அளவுக்கு உள்ளே இருக்கும் காற்று நீள்கிறது. 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே சுமார் 79,500 பாஸ்கலாகக் குறைவதால் அது 0.38 சதவீதம் ஆகும், திரவம் இன்னும் சற்றுக் குறைவாக ஏறும். உள்ளே இருக்கும் காற்றின் கனஅளவு எடுக்கிற திரவத்தைவிடப் பெரியதாக இருந்தால் இந்தச் சிறு வித்தியாசமும் பெருகும். பெரிய பிப்பெட்டில் சின்ன அளவு எடுக்க வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். எங்கே வேலை செய்கிறோமோ அங்கேயே கேலிபிரேஷன் செய்வதுதான் தீர்வு.

மார்ச் 12

பழைய கண்ணாடிப் பிப்பெட்டுகளே மேல் என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஏ வகுப்புக் கண்ணாடிப் பிப்பெட்டில் 10 மில்லிலிட்டர் எடுத்தால் அந்தத் துல்லியம் மனதுக்கு நிறைவாக இருக்கும். அதில் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது என்பதை இப்போது வருகிறவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நுனியில் தங்குகிற அந்தத் துளியையும் கணக்கில் வைத்துத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். ஊதிவிட வேண்டிய வகை வேறு, அதன் தலைப்பக்கத்தில் வளையம் போட்டிருக்கும்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினுக்குப் பயன்பட்ட சாலி பிப்பெட்டைப் பிடித்தவர்களுக்கு இந்த நுணுக்கம் இன்னும் நன்றாகத் தெரியும். 20 மைக்ரோலிட்டர் ரத்தம், 5 மில்லிலிட்டர் டிராப்கின் கரைசல், மொத்தம் 251 மடங்கு நீர்ப்பு. ரத்தம் கோடு வரை ஏறியதும் வெளிப்பக்கத்தைப் பஞ்சால் துடைக்க வேண்டும், ஆனால் பஞ்சு நுனித் துளையைத் தொட்டுவிட்டால் அது ரத்தத்தை உறிஞ்சிவிடும், கோட்டிலிருந்து மட்டம் இறங்குவது கண்ணெதிரே தெரியும். பிறகு கரைசலுக்குள் விட்டு, அதே கரைசலை ஏற்றி இறக்கி உள்ளே ஒட்டியதையும் கழுவிவிட வேண்டும். அந்தப் பிப்பெட் 'உள்ளே இருப்பது 20' என்ற கணக்கில் செய்யப்பட்டது. நம் இன்றைய பிப்பெட் 'வெளியே போவது இவ்வளவு' என்ற கணக்கு. அதனால் 1 மைக்ரோலிட்டரைத் திரவத்துக்குள் விட்டு ஏற்றி இறக்கிக் கழுவினால் உட்படலமும் சேர்ந்து போகும், அளவு சற்றுக் கூடும். அப்படிச் செய்வதே தவறு என்று சொல்லமாட்டேன், மிகச் சிறிய அளவில் நானும் கழுவத்தான் செய்கிறேன். ஒரு டியூபில் கழுவி இன்னொன்றில் கழுவாமல் விடுவதுதான் கூடாது.

ஆனால் வாயால் உறிஞ்சிய காலத்தை யாரும் நல்ல நினைவாகச் சொல்ல வேண்டாம். டைஃபாய்டு கிருமிக் கரைசலை வாய்க்குள் இழுத்து நோய்த்தொற்று வந்தது 1893-லேயே பதிவாகியிருக்கிறது. மார்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிச் ஷ்னிட்கர் 1957-இல் பிஸ்டன் பிப்பெட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், எப்பெண்டார்ஃப் நிறுவனம் 1961 முதல் அதை விற்றது. அளவை மாற்றி வைக்கக்கூடிய வகை 1970களின் தொடக்கத்தில் விஸ்கான்சினில் வாரன் கில்சனிடமிருந்து வந்தது. துல்லியம் ஒரு பக்கம் இருக்கட்டும், எத்தனை பேர் வாயைக் காப்பாற்றிய கருவி அது.

மார்ச் 15

96 வெல் (சிறு குழி) பிளேட்டில் வேலை செய்கிறவர்களுக்குச் சுருக்கமாக. பல முனைப் பிப்பெட்டில் திரவத்தை எடுத்ததும் உடனே பிளேட்டுக்குப் போகாதீர்கள். கண் உயரத்தில் பிடித்து எட்டு டிப்பிலும் மட்டம் ஒரே கோட்டில் நிற்கிறதா பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த டிப் சரியாகச் செருகப்படவில்லை. டிப் பெட்டியில் ஓங்கி ஓங்கிக் குத்துவது தீர்வு இல்லை, அது கூம்பு முனைகளைத்தான் தேய்க்கும். லேசாக முன்னும் பின்னும் சாய்த்து அழுத்துங்கள்.

தொடர் நீர்ப்பில் (படிப்படியாக நீர்த்துக்கொண்டே போவதில்) ஒவ்வொரு படிக்கும் டிப்பை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அதிகச் செறிவுள்ள வெல்லின் படலம் கீழே வரை பயணம் செய்யும், கடைசி வெல்களில் இருக்கக் கூடாத அளவுக்கு மாதிரி இருக்கும். அளவெண் சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: குறைந்த அளவிலிருந்து கூட்டி வரும்போது வேண்டிய எண்ணைத் தாண்டி மூன்றில் ஒரு சுற்றுப் போய், அங்கிருந்து கீழே இறக்கி நிறுத்துங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நின்றால் திருகின் தளர்வு அளவில் சேராது.

மார்ச் 19

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. நீர்த்து 5 மைக்ரோலிட்டராக எடுத்ததில் மூன்று டியூபும் நெருங்கி வந்துவிட்டன என்கிறார். ஆனால் ஒவ்வொரு நாளும் ஸ்டாக்கிலிருந்து புதிதாக நீர்த்தால் நாளுக்கு நாள் வித்தியாசம் இருக்கிறதாம்.

அப்படியென்றால் இப்போது ஸ்டாக் டியூபைப் பார்க்க வேண்டும். உறைந்த கரைசல் உருகும்போது ஒரே சீராக இருக்காது. நீர் முதலில் உறையும்போது கரைந்திருப்பவை எல்லாம் மிச்சமிருக்கும் திரவத்துக்குள் தள்ளப்படுகின்றன, உருகிய பிறகு கலக்காமல் விட்டால் அடியில் செறிவாகவும் மேலே நீர்த்தும் நிற்கும். அதில் மேலிருந்து எடுத்தால் ஒரு எண், அடியிலிருந்து எடுத்தால் ஒரு எண். முழுக்க உருகவிட்டு, தலைகீழாக மெதுவாகப் பல தடவை புரட்டி, பிறகு சில நொடி சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மூடியில் படிந்த துளிகளைக் கீழே இறக்கிவிட்டு எடுங்கள். இந்த வரிசை முக்கியம்.

மார்ச் 19, சற்று முன்

ஸ்டாக் ஜீனோமிக் டி.என்.ஏ (உயிரணுவின் முழு டி.என்.ஏ) என்று இப்போதுதான் சொல்கிறார். முதலிலேயே தெரிந்திருந்தால் இதிலிருந்தே தொடங்கியிருப்பேன். நீளமான டி.என்.ஏ கரைசல் பிசுபிசுப்பாக இருக்கும், டிப்புக்குள் ஏறும்போதே தயங்கும், டிப்பைத் தூக்கினால் நூலாக இழுத்துக்கொண்டு வரும், அந்த நூல் அறுந்து எந்தப் பக்கம் போகிறது என்பது தடவைக்குத் தடவை மாறும். வாய் அகன்ற டிப் வாங்கிப் பயன்படுத்துங்கள். நீளமான துண்டுகள் வேண்டுமென்றால் வேகமாக ஏற்றி இறக்கவும் வேண்டாம், குறுகலான நுனியில் அவை அறுபடும். சாதாரண டிப்பின் நுனியைக் கத்திரிக்கோலால் வெட்டிக்கொள்வதும் உண்டு, அவசரத்துக்கு வேலை ஆகும், ஆனால் வெட்டிய விளிம்பு ஒழுங்கற்று இருப்பதால் துளி அங்கே ஒட்டிக்கொள்ளும், டிப்புக்கு டிப் அளவும் மாறும். அளவு முக்கியமில்லாமல் ஒரு டியூபிலிருந்து இன்னொன்றுக்கு மொத்தமாக மாற்றுவதற்கு மட்டும் வெட்டிய டிப்பை வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பதற்கு முன் அந்த ஸ்டாக்கை 4 டிகிரியில் ஒரு இரவு வைத்திருந்து, மெதுவாகப் புரட்டிச் சீராக்கிவிட்டு, மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்தும் எடுத்துச் செறிவு பாருங்கள். மூன்றும் ஒத்து வந்த பிறகு 10 எடுத்து 40-இல் சேருங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.